மாமா காடிக்கு வெளிச்சம் வந்த ஞாயிறு

அந்த அரை மணி நேரத்தை இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை. எண்பத்திரண்டு பிறந்த ராத்திரி, நாம் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் அரசாங்கம் அரை மணி முன்னால் தள்ளிவைத்ததே, நம் செட்டு ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடமிருந்து எடுத்தது நல்ல அசல் தூக்கம். இன்றைக்கும் பகல் பதினொரு மணிக்கு நான் கொட்டாவி விடுவதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்க்கிறேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேசு என்கிறாள் என் மனைவி.

பெரியவர்களுக்கு அது ரேடியோவில் வந்த ஒரு செய்தி. எங்களுக்கு அது இருட்டு. கடிகாரம் மாறியது, பள்ளிக்கூட மணி மாறியது, சூரியனுக்கு மட்டும் யாரும் கடுதாசி போடவில்லை. அது பாட்டுக்குப் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. போன வருஷம் வரைக்கும் காலை ஆறு மணிக்கு மரத்துக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஆறு மணி என்றால் கரி.

எங்கள் தோட்டம் ஈஜோக் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே. ஒரு பக்கம் கிழட்டு ரப்பர், ஒரு பக்கம் புதிதாக நட்ட செம்பனை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. அதற்குமேல் படிக்கிறவர்கள் வெளியே போக வேண்டும். என் அக்கா அந்த வருஷம் ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருஷம், சயன்ஸ். அது கோலா சிலாங்கூர் டவுனில்தான் இருந்தது. டவுன் வரைக்கும் கொண்டுபோய் விட்டது மாமாவின் காடி, ஒரு பழைய கார்.

மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். காடி அவரைவிட வயசில் மூத்த மாதிரி இருக்கும். சாம்பல் நிறம், முன்னால் இரண்டு உருண்டைக் கண், உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோலும் ஈரச் சாக்கும் பழைய தோலும் கலந்த வாசனை. அந்த வாசனைக்கு இன்று என்ன விலை சொன்னாலும் கொடுப்பேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அதில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். அதில் போன பிள்ளைகள் இரண்டு பேர்: என் அக்கா, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயாவின் மகள்.

முதல் நாள் காலையில் மாமா லைட்டைப் போட்டார். நான் முன்னால் போய் நின்று பார்த்து, "மாமா, போடலையா?" என்று கேட்டேன். போட்டுத்தான் இருந்தார். உற்றுப் பார்த்தால் கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் கம்பி தெரிந்தது, சாமி ரூமில் திரி அணையப்போகும் நேரம் மாதிரி. ரோட்டில் ஒன்றும் விழவில்லை.

எங்கள் அப்பா மண்டோர். நாற்பது பால்மரத்து ஆட்களைக் காலையில் எண்ணி அனுப்புகிறவர். அவருக்கு மாமாவைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை குடிப்பது, முடியை வளர்ப்பது, அம்மாவிடம் மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எல்லாமே குற்றம். காடியை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவனுக்குக் காடி எதற்கு என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிறபடி சொன்னார்.

மாமா தலையைச் சொறிந்துகொண்டே, "லைட்டு அதே லைட்டுதான் மச்சான். இருட்டுதான் கூடிப்போச்சு" என்றார்.

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. போன வருஷம் அந்த நேரத்துக்கு லைட்டே தேவைப்படவில்லை, எப்படி எரிந்தது என்று யார் பார்த்தார்கள்? ஆகவே குற்றவாளி நேரம்தான் என்று முடிவாகி, எனக்கு வேலை கிடைத்தது. லயத்திலிருந்து கோயில் முடக்கு வரை அரை மைல், இரண்டு பக்கமும் லோங்கான் சாக்கடை, நடுரோட்டில் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகள். அந்த அரை மைலுக்கு நான் அக்காவின் மடியில் உட்கார்ந்து, ஐந்து பேட்டரி டார்ச்சை ஜன்னல் வழியாக நீட்டிப் பிடிக்க வேண்டும். முடக்கில் இறக்கி விடுவார்கள், அதற்கு அப்பால் லோங்கானும் இல்லை, மாடும் இல்லை. திரும்பி வரும்போது டார்ச்சை அணைத்துவிட வேண்டும், பேட்டரி தீர்ந்துவிடுமாம். எனக்கு அந்த வயசில் தெரிந்த தேவாரம் அத்தனையும் அந்த அரை மைலில் ஓடிக்கொண்டே பாடியதுதான். பக்தியால் அல்ல.

மூன்றாவது வாரம் நான் டார்ச்சைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். இதைப் பல வருஷம் மறைத்தேன், இப்போது சொன்னால் என்ன. மாமா என் வெளிச்சத்தை நம்பி ஓட்ட, என் வெளிச்சம் வானத்தைப் பார்க்க, காடி ரொம்ப மரியாதையாக, அவசரமே இல்லாமல், இடது பக்க லோங்கானில் இறங்கிச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. கிராணி மகளின் வெள்ளைச் சட்டையும் நீலக் கவுனும் இடுப்பு வரை கறுப்பாயின. அவள் அழவில்லை, சிரித்தாள், அதுதான் அவள் அப்பாவுக்கு இன்னும் கோபம்.

கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடமாட்டார். அன்றைக்கு மாலை எங்கள் வாசலில் நின்று, "மண்டோர், உந்தக் காரிலை இனி என்ரை பிள்ளையை எப்பிடி அனுப்பிறது? நீர்தான் சொல்லும்" என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் அப்பாவைக் கேள்வி கேட்கக்கூடிய நாலைந்து பேரில் அவர் ஒருவர்.

அப்பா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானும் கிராணி ஐயாவும் வந்து பார்ப்பார்கள். லைட் ஒழுங்காக எரிந்தால் திங்கட்கிழமை பிள்ளைகள் போகலாம். இல்லையென்றால் கிராணி மகளை டவுனில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைப்பார்கள். அக்காவுக்கு டவுனில் யாரும் இல்லை. அவளுக்குச் செம்பனை நாற்றங்காலில் கறுப்புப் பையில் மண் நிரப்பும் வேலை கேட்டு வைத்தாயிற்று. பதினேழு வயசு ஆகிவிட்டது, படித்த வரை போதும்.

அக்கா விறகுக் கொட்டகைக்குப் போய் அங்கே நின்ற காடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, ஒரு வருஷம்தானே, பரீட்சை எழுதிவிட்டு நிற்கட்டுமே என்று சொன்னாள். அதைச் சட்டியிடம்தான் சொன்னாள்.

அந்த வாரம் காடிக்கு நடந்த வைத்தியங்களைப் பட்டியல் போட்டால் நமக்கே இப்போது நடக்கிற மாதிரி இருக்கும், ஒவ்வொருத்தரும் ஒரு நோய் சொன்னார்கள். மாமா பல்ப்பை மாற்றினார். புது பல்ப்பும் அதே ஆரஞ்சு. கண்ணாடியைப் பல்பசை போட்டுத் துடைத்தார். கண்ணாடி பளபளத்தது, அதற்குப் பின்னால் அதே ஆரஞ்சு. லோரி டிரைவர் சொன்னார் என்று பெல்ட்டை இறுக்கினார். அதே லோரியின் பேட்டரியை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி மாட்டினார். ஹாரன் மட்டும் முன்னைவிட நன்றாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை அம்மா, விளக்குக்குப் பின்னால் இருக்கும் வெள்ளித் தட்டு மங்கிப்போயிருக்கிறது, அதுதான் விஷயம் என்று கண்டுபிடித்து, ஒரு தட்டைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புளியும் சாம்பலும் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மாமா ஓடிவந்து அம்மாவிடமிருந்து பிடுங்கினார்.

"அக்கா, இது குத்துவிளக்கு இல்லக்கா. தேய்ச்சா வெள்ளி போயிடும் லா."

"பின்ன ஏண்டா எரியல?"

டவுன் போமென்னிடம் கொண்டுபோய் ரிப்பேர் பார்க்கக் காசு இல்லை என்று மாமா சொல்லவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எல்லாருமே அந்த மாதம் சீக்கிரம் படுத்தோம், படுத்தும் களைப்புப் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு எல்லா வீட்டுக்காரர்களும் சாய்ந்திருந்த நேரம். அக்கா என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கொட்டகையில் சாக்கு மறைப்பு இருந்ததால் உள்ளே பகலிலும் இருட்டு. என்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, லைட்டைப் போடு, அணை, சிக்னல் போடு என்று வேலை வாங்கினாள். நான் எனக்குத் தெரிந்த சேட்டையாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டேன்.

அக்கா, "அணைக்காதே. அப்படியே வை" என்றாள்.

சிக்னல் ஒவ்வொரு தடவை மினுங்கும்போதும் பெரிய லைட்டும் கூடவே மங்கி மங்கி எழுந்தது. காடி மாட்டைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கூரையில் கட்டியிருந்த ரேடியோ ஏரியல் கம்பியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையைப் பேட்டரியில் ஒரு கட்டையிலும், இன்னொரு முனையை விளக்கின் பின்னால் கறுப்பு வயர் சேரும் இரும்பிலும் வைத்து அழுத்தினாள்.

கொட்டகைச் சாக்கில் நூல் நூலாகத் தெரிந்தது. விறகில் ஊரும் எறும்பு தெரிந்தது. எனக்குக் கண் கூசியது.

மின்சாரம் போனால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்று அவள் எனக்கு விளக்கினாள். பழைய காடியில் அது இரும்பு உடம்பு வழியாகத் திரும்புகிறது. விளக்கு இரண்டிலிருந்தும் வரும் கறுப்பு வயர் உடம்போடு சேருவது ஒரே ஒரு போல்ட்டில். அந்த வழி அடைத்திருக்கிறது. அந்தப் போல்ட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அடைத்தவன் நான்.

போன நவம்பர் மழையில் காடிக்குள் தண்ணீர் இறங்கியது. வயர் முடிச்சுகள் நனைகிறது என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத ஒரு நாள் அப்பா ஸ்டோரிலிருந்து ஒரு குவளை ரப்பர் பால் கொண்டுவந்தார், கட்டியாகாமல் இருக்க அமோனியா கலந்த பால், மூக்கைத் துளைக்கும். எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் மருந்து. ஒழுகும் கூரை, பிளந்த சப்பாத்து, என் பந்து எல்லாம் பாலில்தான் பிழைத்தன. விளக்குக்குப் பின்னால் அப்பாவின் கை போகவில்லை, என் கை போனது. போல்ட்டைக் கழற்றி, வயரின் வளையத்தைப் பாலில் முக்கி, காயவிட்டு, திரும்ப முக்கி, மாட்டி இறுக்கி, மேலேயும் பூசு என்றார். மூன்று தடவை. சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. தண்ணீர் போகவில்லை. வேறு எதுவும் போகவில்லை.

இப்போது நினைத்தால், அது அப்பா மாமாவுக்குச் செய்த ஒரே உபகாரம். சொல்லிக்காட்டவும் இல்லை.

அக்கா கத்தியால் கிளறினாள். தேன் நிறத்தில் ரப்பர் கட்டி கட்டியாக வந்தது. அடியில் செம்பு வளையம் பச்சை பூத்துப் பாதி அரித்துப்போயிருந்தது. யார் செய்தது என்று கேட்டாள். சொன்னேன். கத்தியைச் சாக்கில் துடைத்து வைத்தாள். அப்போதுதான் தூங்கி எழுந்து மாமா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மூன்று வாரமாக வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து, கிராணி ஐயா முன்னால் வைத்து மச்சானை ஒரு கேள்வி கேட்கப்போகிறேன் என்றார்.

அக்கா அமைதியாகச் சொன்னாள். "மாமா, நீங்க கேளுங்க. அப்பா கிராணி ஐயா முன்னால தலைகுனிஞ்சு நிப்பாரு. நாளைக்கு நான் நாத்தங்கால்ல மண்ணு அள்ளுவேன். லைட்டு எரிஞ்சாலும்தான்."

மாமாவின் சந்தோஷம் வடிந்தது. பாவம், அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே துருப்புச் சீட்டு. மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்துப் போல்ட்டு உட்காரும் இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். வளையத்தை வெட்டிவிட்டு வயரைச் சீவி, செம்பு தெரிய முறுக்கி, மாட்டினார். அதன் பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் ஆட்களைக் கூப்பிடும் பெரட்டு மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்தவன், கோயில் கடாவுக்கு வெற்றிலை கொடுத்தவன். நான் எதைச் செய்ததாகச் சொன்னாலும் நம்புவார்கள். நல்ல பெயர் எடுத்த பிள்ளைகளால் செய்ய முடியாத வேலை அது.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு அப்பாவும் கிராணி ஐயாவும் வந்தார்கள். மாமா லைட்டைப் போட்டார். எதிர் லயத்துச் சுவரில் காயப்போட்டிருந்த சேலையின் பூ முதற்கொண்டு தெரிந்தது. கிராணி ஐயா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டார்.

மாமா வாயைத் திறந்து மூடினார். நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தாங்க ஐயா. சும்மா விளையாட்டுக்கு வயர்ல பாலு பூசிட்டேன்" என்றேன்.

கிராணி ஐயா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது, எனக்கு அந்தச் சமயத்தில் கடிகாரத்தின் மேல் நம்பிக்கை போயிருந்தது. பிறகு இரண்டு அறை விட்டார். பொய்யாக அடிக்க அவருக்குத் தெரியாது. வலது காதில் இரண்டு நாள் வண்டு இரைந்தது.

"நாளைக்கு நேரத்தோட கிளம்பு பாப்பா" என்றார் அக்காவிடம். அவளை அப்படி நேராகக் கூப்பிட்டுச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

கையோடு அப்பா நாற்றங்கால் கங்காணியைப் பார்த்து, மகள் வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லப் போனார். என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டார். வழியில் கடையில் நிறுத்தி ஒரு ஆரஞ்சு சோடா போத்தல் வாங்கிக் கொடுத்தார். அப்பா எனக்குச் சோடா வாங்கித் தந்தது அது ஒரு தடவைதான். பாதி குடித்ததும் கேட்டார்.

"நீ எதுக்குடா அப்படிச் சொன்ன?"

நம் செட்டில் எத்தனையோ பேர் ரகசியம் காத்திருப்பீர்கள். நான் காத்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம், ஒரு ஆரஞ்சு போத்தல் வரைக்கும்.

"அக்காதான் சொல்லச் சொன்னா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. நீங்க தலைகுனியக்கூடாதுன்னு."

அப்பா போத்தல் காலியாகும் வரை நின்றார். வாங்கிக் கடையில் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஏறி மிதிக்கவில்லை. நாற்றங்கால் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வந்தார், என்னைப் பாரிலேயே வைத்து.

அக்கா அதன் பிறகு அந்த வருஷம் ஒரு நாள் விடாமல் பள்ளிக்குப் போனாள். தினமும் காடி கிளம்பும்போது அப்பா படியில் நின்று பார்ப்பார். ஆனால் பேச்சு நின்றுபோனது. கோபமாக அல்ல. ஒரு முழம் தள்ளி அவள் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், சாப்பிட்டாளா கேளு என்பார். ரிசல்ட் வந்த அன்றும் அம்மாவிடம்தான் நல்லாருக்குன்னு சொல்லு என்றார். அவள் டீச்சரானாள், கோலா குபு பாருவில் வீடு வாங்கினாள். அப்பா ஒரு தடவை அங்கே போய், முன்ஹாலில் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவள் கஞ்சி ஊட்டியபோதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

அன்று நான் அவரைக் கோழை என்று நினைத்தேன், என்னை அடிவாங்க விட்டாரே என்று. எனக்கும் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் என் முட்டாள்தனங்களை எனக்குத் தெரியாமல் மூடிவைப்பதை நான் தெரிந்துகொண்ட பிறகு அப்படி நினைப்பதில்லை. மூடிவைத்த பிள்ளையின் பார்வைக்கு முன்னால் உட்காருவது லேசில்லை.

நான் அப்பாவிடம் உளறியது அக்காவுக்கு மட்டும் தெரியாது. படித்ததுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் கேட்பாள், "நான் பள்ளிய விட்டு நின்னிருந்தா அப்பா பேசியிருப்பாராடா?" என்று. நான் ஏதாவது ஜோக் சொல்வேன். அவள் சிரிப்பாள். அதோடு அந்த வருஷத்துக்கு முடிந்தது.

போன செவ்வாய்க்கிழமை போன் பண்ணியபோது திரும்பவும் கேட்டாள். ஜோக் ஒன்றும் வரவில்லை. களைப்பாக இருந்தது.

"அக்கா, அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பாலு அவரு வேலைன்னு உனக்குத் தெரியும்ங்கிறது. அன்னிக்கு ராத்திரியே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

போனில் அவள் வீட்டுக் காற்றாடிச் சத்தம் கேட்டது.

"நாப்பது வருஷம்டா" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரி, அடுப்புல சோறு இருக்கு, வைக்கிறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் சமைப்பதில்லை. பல வருஷமாக அன்றைக்குப் பழமும் பாலும்தான். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"சரிக்கா, போய்ப் பாரு. குழைஞ்சிடப் போகுது" என்றேன்.